ரூனா கல்யாணத்து ஈஸ்ட்

என் கணவனின் அண்ணன் டோர்கெல் காய்ச்சிய பியரை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். போன கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டில் ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்துத் தொலைக்க வேண்டியதாயிற்று. மழையில் நனைந்த கிடாவை அடுப்போரம் கட்டிவைத்தால் ஒரு வாடை வருமே, அந்த வாடை. அதற்கு அடியில் ஊசிப்போன வெண்ணெயின் வாடை. தொண்டையில் இறங்கிய பிறகும் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. மேஜையைச் சுற்றிப் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "குடிக்கலாம், நல்லாவே குடிக்கலாம்" என்றார்கள். நானும்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்ப் பனியில் துப்பினேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் அப்படித்தான். ஒருவன் மாட்டைக் குறை சொல்லலாம், மருமகளைக் குறை சொல்லலாம், பாதிரியார் பிரசங்கத்தில் தூங்கிவிட்டேன் என்று அவரிடமே சொல்லலாம். ஒரு வீட்டு பியரை மட்டும் முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூடாது. தேவாமிர்தமாக இருந்தாலும் "குடிக்கலாம்". மாட்டுக்கு வைத்த கழுநீராக இருந்தாலும் "குடிக்கலாம்". மீதியைத் திரும்பிப் போகிற வழியில் காருக்குள் பேசிக்கொள்வார்கள்.

டோர்கெலும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அப்போதே அவன் மூக்கைச் சட்டைக் கையில்தான் துடைப்பான். இப்போது அறுபத்து நான்கு வயது, இன்னும் சட்டைக் கைதான். மேலுதட்டுக்குள் எந்நேரமும் புகையிலைப் பொட்டலம் அதக்கியிருப்பான். அதை எடுத்து எறிந்த அதே விரலை ஈஸ்ட் ஜாடிக்குள் விட்டு, நக்கிப் பார்த்து, மறுபடி விடுவான். அந்த ஜாடி முன்பு ஈரல் விழுது வாங்கிய ஜாடி. விளிம்பில் பழைய சீட்டு பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் காய்ச்சும் கொட்டகையில் ஒரு பூனை, முளைகட்டி உலர்த்திய பார்லி மால்ட் மூட்டை மேல்தான் குட்டி போடும். பார்த்துக்கொண்டு நின்றால் என் உடம்பெல்லாம் ஊரும்.

நான் அப்படியில்லை. என் தொட்டியை மூன்று முறை வெந்நீரில் கழுவுவேன். ஈஸ்டை வழிக்கும் கரண்டியைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், அதை வேறு எதற்கும் யாரும் தொடக் கூடாது. பியர் பொங்கும்போது மேலே திரள்கிற ஈஸ்டை வழித்தெடுத்து, காகிதத்தில் பரப்பி, உலர்ந்ததும் நொறுக்கி, ஃப்ரீசரில் வைப்பேன். அடுத்த முறைக்கு அதுதான் விதை. துளி மோரை எடுத்து வைத்து அடுத்த நாள் பாலை உறைய வைக்கிறதில்லையா, அதே கணக்கு. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு ஈஸ்ட் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவருடையது கெட்டுப்போனால் காலி ஜாடியோடு இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். கேட்பதில் வெட்கமில்லை, கேட்டால் இல்லை என்று சொல்வதும் கிடையாது.

ஐந்து வருடமாக எனக்கு வயிற்றில் புண். மருத்துவர் பியரைத் தொடாதே என்றுவிட்டார். காய்ச்சுவதை நான் விடவில்லை. காய்ச்சிய இரண்டாம் நாள், தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு மாற்றும்போது, ஒரு வாய் ருசி பார்ப்பேன். அன்றைக்கே ஈஸ்டையும் எடுத்து வைத்துவிடுவேன். அதோடு சரி. டோர்கெல் வீட்டுக் கிறிஸ்துமஸ் கிண்ணத்தை மட்டும் மறுக்க முடியாது, அது குடும்பத்துப் பெரிய வீடு.

அந்தப் பெரிய வீட்டில்தான் என் மகள் ரூனாவின் கல்யாண பியரையும் காய்ச்ச வேண்டும் என்பது வழக்கம். கல்யாணம் ஜூன் கடைசியில். மாப்பிள்ளை எய்ரிக், ஃபியோர்டுக் கடற்கழிக்கு அக்கரை. அவன் அப்பா பியார்ட்டே வீட்டு பியர் ஊரறிந்தது. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிய மாதிரி மணக்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்ட வீட்டு ஜனங்கள் எழுபது பேர், எங்கள் பக்கம் எழுபது பேர், நடுவில் என் பெண், அவர்கள் கையில் டோர்கெலின் கிடா மூத்திரம். என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இது வெறும் கௌரவப் பிரச்சினையும் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் மேல்பண்ணைக் கல்யாணத்தில் பியர் புளித்துவிட்டது. அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் பெயர் "புளிச்ச மார்கிட்". அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் "புளிச்ச பசங்க". என் ரூனா அக்கரையில் போய் வாழப் போகிறவள். அவளுக்கு அங்கே அப்படி ஒரு பெயர் விழ நான் விடுவேனா?

ஒரு நாள் காலைச் சாப்பாட்டில் என் கணவன் ஈவாரிடம் பேச்சைத் தொடங்கினேன்.

"ஒங்கண்ணன்கிட்டச் சொல்லு. கல்யாண பியருக்கு நம்ம ஈஸ்ட்ட போடட்டும்."

ஈவார் செய்தித்தாளைக் கீழே வைக்கவில்லை. "அவன் ஏற்பாடு பண்ணிட்டான் ஓஸ்னெ. விட்டுடு."

"என்ன ஏற்பாடு? கிறிஸ்துமஸ்ல குடிச்சோமே, அந்த ஏற்பாடா?"

"அது அந்தத் தடவ. இது வேற."

"பூனை மட்டும் அதே பூனைதானே? ஒனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு," என்றான். "அதனாலதான் சொல்றேன், விட்டுடு."

பாலாடைக்கட்டியைச் சீவி ரொட்டியில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அண்ணன் என்றால் அவனுக்கு வாய் அடைத்துப் போகும். ரூனாவிடம் பேசினால், "அம்மா, பியர் ஒரு விஷயமா? யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்கிறாள். அப்பனும் மகளும் ஒரே அச்சு. இனி இவர்களை நம்பிப் பயனில்லை என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு பெரிய வீட்டில் காய்ச்சினார்கள். அன்று விடியற்காலையில் என் ஃப்ரீசரிலிருந்து ஈஸ்டை எடுத்து, வெதுவெதுப்பான மால்ட் தண்ணீரில் கரைத்து, ஃபிளாஸ்கில் ஊற்றினேன். பத்து மணிக்குள் அது விழித்துக்கொண்டு மூடியை முட்டத் தொடங்கியது. கம்பளிச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, பியருக்குப் போடும் ஜூனிப்பர் கிளை சுமக்க உதவி செய்கிறேன் என்று போனேன். நாற்பது வருடத்தில் நான் அவனுக்கு உதவி என்று போனது அதுதான் முதல் முறை. அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

"என்ன ஓஸ்னெ, இன்னிக்கு சூரியன் மேற்குல உதிச்சுதா?" என்றான், புகையிலையை நாக்கால் தள்ளிக்கொண்டே.

"எம்பொண்ணு கல்யாணம். நீ பூனையையும் சேத்துக் காய்ச்சிடாம பாத்துக்க வந்தேன்."

"பூனைய நாளைக்கு வச்சிருக்கேன்," என்று சிரித்தான். பல்லெல்லாம் பழுப்பு.

அவனுடைய ஈஸ்ட் எனாமல் ஜக்கில் நுரைத்துக்கொண்டிருந்தது. பழைய ஸ்வெட்டர் ஒன்றைச் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்திருந்தான். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அவன் ஆடு அறுப்பான். மால்ட் தண்ணீர் ஆறுகிற நேரத்துக்கு அவனும் ஈவாரும் பீப்பாய் உருட்ட வெளியே போனார்கள். நான் ஜக்கை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போனேன். கொல்லையில் காஞ்சொறிப் புதர். அந்த வாடை மறுபடி மூக்கில் ஏறினால் அங்கேயே வாந்தி எடுத்துவிடுவேன் என்று தெரியும். அதனால் முகத்தைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மொத்தத்தையும் செடியடியில் கவிழ்த்தேன். குழாயடியில் ஜக்கை இரண்டு முறை கழுவினேன். கழுவும்போதும் மூச்சு விடவில்லை. பிறகு என்னுடையதை ஊற்றி, ஸ்வெட்டரை விரல் நுனியால் பிடித்து மறுபடி சுற்றி வைத்தேன்.

டோர்கெல் வந்து ஜக்குக்குள் விரலை விட்டு நக்கினான். ஒரு நொடி நின்றான். பிறகு தொட்டியில் ஊற்றி, எங்கள் வழக்கப்படி தொட்டிக்குள் தலையை விட்டுக் காட்டுக் கத்தலாக ஒன்று கத்தினான். அப்படிக் கத்தினால்தான் குடிக்கிறவர்களுக்கு வீரம் ஏறுமாம். எச்சில் தெறித்தது எனக்குத் தெரிந்தது. பரவாயில்லை, உள்ளே இருப்பது என் ஈஸ்ட் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பீப்பாய்க்கு மாற்றும்போது அக்கம்பக்கத்தார் பத்துப் பேர் ருசி பார்க்க வந்தார்கள். இளஞ்சூட்டில், இனிப்பாக, ஜூனிப்பர் கசப்போடு அருமையாக இருந்தது. எல்லோரும் "குடிக்கலாம்" என்றார்கள். டோர்கெல் மட்டும் கிண்ணத்தை மூக்கடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"வேற மாதிரி வரும்னு நெனச்சேன்," என்றான்.

"வயசாயிடுச்சு டோர்கெல். புகையிலை மூக்கு வரைக்கும் ஏறிடுச்சு."

"இருக்கும்," என்றான். அவனை ஏமாற்றியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

கல்யாணத்தன்று மழை இல்லை. எங்கள் பக்கத்தில் அதுவே பாதி ஆசீர்வாதம். ரூனா நாட்டு உடையில் வெள்ளிப் பொத்தான்கள் பளபளக்கத் தேவாலயத்திலிருந்து நடந்து வந்தாள். பெரிய வீட்டு வைக்கோல் தளத்தைக் கழுவி நீள மேஜைகள் போட்டிருந்தோம். உலர்த்திய ஆட்டுக்கால், புளிப்புப் பாலேட்டுக் கஞ்சி, மெல்லிய ரொட்டி எல்லாம் வந்தாயிற்று. பீப்பாயைத் திறந்து எல்லோருடைய குவளையிலும் ஊற்றினார்கள். முதல் கிண்ணம் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. பிறகு மணமக்கள், அதன் பிறகு பெண்ணின் அம்மா. அதுதான் முறை.

பியார்ட்டே எழுந்து கிண்ணத்தைத் தூக்கினார். நல்ல உயரமான மனிதர், வெள்ளைத் தாடி. குடிக்கும் முன்பே முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது, தன் பேரக் குழந்தையைத் தூக்கப் போகிறவர் போல. வாயில் வைத்தார். பூரிப்பு போய்விட்டது. கண் இமைகள் இரண்டு முறை அடித்துக்கொண்டன. கஷ்டப்பட்டு விழுங்கினார். டோர்கெலை ஒரு பார்வை பார்த்தார்.

"குடிக்கலாம்," என்றார் பியார்ட்டே.

தளம் முழுக்கக் குவளைகள் உயர்ந்தன. முதல் வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையை வாயில் வைத்தாள். ஒரு கிழவர் ரொட்டியை அவசரமாகத் திணித்துக்கொண்டார். அங்கிருந்தும் இங்கிருந்தும் "குடிக்கலாம்", "ஆமா, குடிக்கலாம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு நான் நின்ற இடம் வரைக்கும் வாடை வந்துவிட்டது. நனைந்த கிடா. ஊசிப்போன வெண்ணெய்.

பாவி டோர்கெல், பீப்பாயைக் கழுவியிருக்க மாட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. அவன் என் கையைப் பிடித்துப் பீப்பாய்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"ஓஸ்னெ, நெசத்தச் சொல்லு. அந்த ஜக்குல இருந்தத என்ன பண்ணின?"

"கொட்டிட்டேன்," என்றேன். "எம்பொண்ணு கல்யாணத்துல ஒன் நாத்தத்தக் குடிக்க வைப்பியா? காஞ்சொறியில கொட்டிட்டேன். என்னோடத ஊத்தினேன். அதையும் நீ பீப்பாயில வச்சு நாறடிச்சிட்டே."

டோர்கெல் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி மேல் உட்கார்ந்தான். வாயிலிருந்த புகையிலையை எடுத்துப் பைக்குள் போட்டான். சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை.

"நீ கொட்டினது பியார்ட்டே வீட்டு ஈஸ்ட். நானே படகுல போய் வாங்கிட்டு வந்தேன். அந்த மனுஷன் சந்தோஷமாக் குடுத்தாரு, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னாரு."

"ஒன்னோடது என்ன ஆச்சு?"

"என்னோடது போன வருஷமே செத்துப்போச்சு. ஃப்ரீசர் நின்னு போனது எனக்கு ஒரு வாரம் தெரியல. கிறிஸ்துமஸ்க்கு ஈவார்கிட்டத்தான் கேட்டேன். அவன் ஒங்க வீட்டுலேருந்து எடுத்துக் குடுத்தான். ஒங்கிட்டச் சொன்னா பத்து வருஷத்துக்குக் குத்திக் காட்டுவியேன்னு சொல்லல."

"அப்ப கிறிஸ்துமஸ்ல..."

"அது ஒன்னோடதுதான். மொத நாள் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு வாரம் போனா இப்படி ஆயிடும். நீதான் குடிக்கிறதில்லையே, ஒனக்கு எப்படித் தெரியும்? ரெண்டாம் நாளே வழிச்செடுத்து வச்சிடற. கெட்டதையேதான் அஞ்சு வருஷமாத் திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டிருக்க."

"அஞ்சு வருஷமா," என்றேன். ஐந்து கிறிஸ்துமஸ். ஈவாரின் அறுபதாம் பிறந்தநாள். என் மாமியார் செத்ததற்கு நான் காய்ச்சிய இருநூறு லிட்டர். அன்றைக்கு ஊரே வந்து குடித்துவிட்டு, என் கையைப் பிடித்து, குடிக்கலாம் ஓஸ்னெ, நல்லாவே குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவனுடைய பூனையும் புகையிலையும் ஒரு மூலைக்குப் போய்விட்டன. துணியில் சுற்றிய என் கரண்டியை நினைத்தால்தான் குமட்டியது.

"ஏண்டா ஒருத்தரும் சொல்லல?"

"பியரப் பத்தி எப்படிச் சொல்றது?" என்றான் டோர்கெல். "நீ மட்டும் எங்கிட்டச் சொன்னியா? திருட்டுத்தனமாக் கொட்டத்தானே செஞ்ச."

உள்ளே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிண்ணம் என் முறைக்கு வந்துவிட்டது.

ரூனா இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குடித்திருந்தாள், கொஞ்சமல்ல, பாதிக்கு மேல். மாப்பிள்ளை எய்ரிக்கின் முகம் வெளுத்திருந்தது. அவள் முகம் சாதாரணமாக இருந்தது. என் காதருகே குனிந்தாள்.

"இது நம்ம வீட்டு பியர்தானே அம்மா? மொத வாய்லயே தெரிஞ்சுபோச்சு. நீ கவலப்படாத, எனக்குப் பழக்கம்தான். எய்ரிக்கோட பங்கையும் நானே குடிச்சிட்டேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் ஒவ்வொரு பண்டிகைக்கும் என் எதிரில் உட்கார்ந்து இதைக் குடித்துவிட்டு, குடிக்கலாம் அம்மா என்று சொல்லியிருக்கிறாள். இன்றைக்கும் சொல்வாள். நாளைக்கு அக்கரையில் "நாத்தக் கல்யாணத்து ரூனா" என்று யாராவது கூப்பிட்டால் அதற்கும் பழகிக்கொள்வாள். எனக்கு அழுகை முட்டியது. அதைவிட அதிகமாக அருவருப்பு, என் மேலேயே.

கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். வயிற்றுப் புண்ணில் போய் எரிந்தது. நூற்று நாற்பது பேரும் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். சொன்னால் எல்லோரும் இன்னொரு வாய் குடித்து, பாட்டைத் தொடங்கிவிடுவார்கள்.

"இதக் குடிக்க முடியாது," என்றேன். "நாறுது. டோர்கெல் மேல தப்பில்ல, ரூனா மேலயும் இல்ல. பியார்ட்டே வீட்டு நல்ல ஈஸ்ட்ட நான் திருட்டுத்தனமாக் கொட்டிட்டு என்னோடதப் போட்டேன். அஞ்சு வருஷமா என்னோடது இப்படித்தான் நாறிக்கிட்டிருக்கு, நீங்களும் குடிச்சிக்கிட்டிருக்கீங்க. போதும். கீழ வைங்க."

எங்கள் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு வார்த்தையை அதற்கு முன் யாரும் சபையில் சொன்னதில்லை. பியார்ட்டே தாடியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். ரூனா என் கையைப் பிடித்தாள்.

கடைசி மேஜையில் டக்கென்று ஒரு குவளையைப் பலகையில் வைக்கும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முதலில் வைத்தது என் கணவன் ஈவார்தான். பிறகு தளம் முழுக்க, ஒன்றன் பின் ஒன்றாக, எல்லோரும் வைத்தார்கள்.